அவளுடைய அம்மாவுக்கு நான் வைத்த பெயர்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறாம் ஆண்டாக இருக்க வேண்டும். ஒஸ்லோவில் ஹொல்ம்லியாப் பக்கம் நாங்கள் குடியிருந்த காலம். வேலைக்குப் போகிற பெற்றோர் சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுச் செல்லும் பார்னஹாகன் ஒன்றில் நான் வேலை செய்தேன். என்னோடு ஒரு மெக்சிகோக்காரியும் இருந்தாள். என்னைவிட நன்றாக மூத்தவள். பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தபடியே தன் நாட்டுப் பழைய பாட்டுகளை முணுமுணுப்பாள். சொல் மறந்த இடத்தில் ட்ரம்பெட் சத்தத்தை வாயாலேயே போட்டு நிரப்புவாள். தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்வதற்கென்று தினம் ஒரு தமிழ்ச் சொல்லை என்னிடம் கேட்டு வாங்குவாள். 'சப்பாத்து', 'கிட்ட வா', போதும் என்பதற்கு 'காணும்' எல்லாம் அப்படிப் படித்ததுதான்.

எங்கள் தமிழ்ப் பெண்கள் ஒன்றுகூடலில் இடையிடையே வேறு நாட்டுப் பெண் யாரையாவது அழைத்துப் பேசச் சொல்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வயதானவர்களுக்கு நொர்வேஜிய மொழி அவ்வளவாக விளங்காது; அதனால் மொழிபெயர்ப்பும் நானே. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

அவள் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் கொஞ்சம் போட்டுக் காட்டினாள். மெக்சிகோ நகரத்து இரவு விடுதி. பின்னால் கோட்டுப் போட்ட வாத்தியக்காரர்கள், முன்னால் வரிசையாக ஆடும் பெண்கள். ஜாஸ் அமெரிக்காவிலிருந்து எல்லை தாண்டி வந்து, கியூபாவின் தாளங்களோடு நடன மண்டபங்களில் கலந்த கதையைச் சொன்னாள். பிறகு சினிமாக்காரர்கள் அந்த விடுதிகளுக்குள்ளேயே கதை தேடினார்களாம். படத்தில் ஆடுகிறவள் கடைசியில் அழுவாள், இல்லாவிட்டால் சாவாள். வாத்தியக் குழுவின் பெயர் திரையில் வரும். வரிசையில் ஆடியவர்களின் பெயர் வராது. எங்கள் படங்களிலும் கிளப் டான்ஸ் என்றால் சாக்ஸபோன் கேட்குமே, ஆடுகிறவள் வில்லனின் ஆளாகத்தானே இருப்பாள் என்று என் பங்குக்கு நானும் சேர்த்துவிட்டேன். எல்லோரும் ரசித்தார்கள். எனக்குக் குஷி ஏறிவிட்டது.

அப்போது அவள் படத்தை நிறுத்தி, வரிசையின் ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணின் மேல் விரலை வைத்தாள். அது தன் அம்மா என்றாள். அக்கம்பக்கத்தாரிடம் தையல்காரி என்று சொல்லியே அம்மாவின் காலம் போய்விட்டது என்றும், நாலுபேர் முன்னால் தான் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னாள். அம்மாவுக்கு அவள் நொர்வேஜிய மொழியில் சொன்ன சொல் 'குன்ஸ்ட்னர்'. கலைஞர்.

கலைஞர் என்று சொல்ல எனக்குத் தெரியாதா? ஆனால் குஷியில் வாயில் வந்தது வேறு.

"இவவின்ரை அம்மா அங்கத்தைய சின்னமேளமாம்."

சபை கொல்லென்று சிரித்தது. யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் பெரிய மேளம். ஆட வருகிற பெண்கள் சின்னமேளம். சனம் விடிய விடிய இருந்து பார்க்கும். விடிந்தால் அதே பெயரைச் சொல்லி வீட்டுப் பெண்களைத் திட்டும். நானே கண்ணாடி முன்னால் இடுப்பை வளைத்து அந்தத் திட்டு வாங்கி வளர்ந்தவள்தான்.

"அதுதானே பாத்தன், இவவும் ஆடி ஆடித்தானே கதைக்கிறா" என்றார் முன்வரிசையில் இருந்த அக்கா ஒருவர். இன்னும் சிரிப்பு.

எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னாய் என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். குன்ஸ்ட்னர் என்றுதான் சொன்னேன் என்றேன். அந்தத் தமிழ்ச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்.

அடுத்த வாரம் ஒரு பின்னேரம், பிள்ளையைக் கூட்டிப் போக ஒரு தமிழ் அப்பா வந்தார். அவள் அவர் முன்னால் போய் நின்று, நெஞ்சில் கையை வைத்து, என் அம்மா சின்னமேளம் என்றாள். அவ்வளவு பெருமை முகத்தில். அந்த மனிதருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. குனிந்து பிள்ளையின் சப்பாத்தைக் கட்டினார். போகும்போது என்னிடம், "ஆர் இவவுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது, பாவம்" என்றார். எனக்குத் தேள் கொட்டிய திருடனின் நிலைமை.

அவர் முகம் மாறியதை அவளும் கண்டுவிட்டாள். ஈர ஜாக்கெட்டுகள் தொங்கும் அந்த நடையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லின் அர்த்தம், சிரிப்பின் காரணம், என் பொய். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு சின்னக் கையுறையை எடுத்துப் பிழிந்துகொண்டே நின்றாள்.

"என் மொழியிலும் அம்மாவுக்கு அப்படி ஒரு சொல் இருந்தது" என்றாள் பிறகு. "பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். உங்கள் மொழியிலாவது அவளுக்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறதே என்றுதான் பாடமாக்கினேன்."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள். தொடர்ந்து ஒன்றாகத்தான் வேலை செய்தோம், அவள் பாட்டுகளும் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தமிழ்ச் சொல்லைக்கூட என்னிடம் அவள் கேட்கவில்லை.

தமிழ் போல இனிமையான மொழி உண்டா என்று மேடையில் யாராவது கேட்டால் இன்றும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டுகிறேன். இத்தனை நல்ல சொற்கள் இருந்தும் ஒருத்தியின் தாய்க்கு நான் எதை எடுத்துக் கொடுத்தேன் என்ற நினைவில், அந்தக் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது.