மாமனார் எதிரே ஒரு கமிட்டிக் கூட்டம்

ஜப்பான்காரன் சண்டைக்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது இது. மலாயாவில், ஜொகூர் மாநிலத்து மாசாய் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்; பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வேலை. கையில் பால்குடி மறவாத பிள்ளை. விடியும்போதே அவனை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனால், வேலை முடிந்து திரும்பும்வரை பசியில் கத்திக்கொண்டே கிடப்பான். என்னைப்போல இன்னும் பல தாய்மார்கள்.

அப்போதுதான் எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் முளைத்திருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு உட்கார்ந்து பேச ஒரு கமிட்டி போட்டார்கள். "நீதான் வாய்க்காரி, நீயே போ" என்று பெண்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள். வாய்க்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் துரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த, எங்களையெல்லாம் வேலை வாங்கும் பெரிய கங்காணி யார் தெரியுமா? என் மாமனார்! அவர் எதிரே நான் அதுவரை உட்கார்ந்ததும் இல்லை, முகம் பார்த்துப் பேசியதும் இல்லை.

என்னோடு கமிட்டிக்கு வந்தவர் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த அண்ணன். ஆபீஸுக்குள் நுழையுமுன் அவரிடம் சொல்லிவிட்டேன்: "அண்ணே, தண்ணிக் குழாய், ஒழுகுற கூரை எல்லாம் அடுத்த தடவை. இன்னிக்குப் புள்ளைங்க விஷயம் மட்டும்தான். எல்லாத்தையும் கொட்டினா ஒண்ணும் தேறாது."

அவரும் அப்படியே, வேலைக்கு நடுவில் தாய்மார் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக விட வேண்டும் என்று கேட்டார். துரை வாய் திறக்குமுன், "அதெல்லாம் நடக்காது" என்றார் மாமனார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி அதை இங்கிலீஷில் சொல்ல, துரையும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். போச்சு!

எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினேன். வீட்டில் மாமனாருக்கு ஏதாவது சொல்வதென்றால் வேறு யாரிடமோ சொல்வதுபோல்தானே சொல்வோம்?

"அண்ணே, அவங்களுக்கு எதுல சங்கடம்னு கேளுங்க."

மாமனார் ஜன்னலைப் பார்த்தபடி கிராணியிடம் சொன்னார்: "தூரத்துக் காட்டுலேர்ந்து வந்துட்டுப் போனா மரம் வெட்டாம கெடக்கும். பால் கொறைஞ்சா துரை என்னையத்தானே கேப்பாரு? அந்தப் புள்ளகிட்ட சொல்லுங்க."

நியாயம்தான். அவர் படும் பாட்டை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

"அப்ப புள்ளைக்காரிங்களுக்குக் கொட்டாய்க்குக் கிட்ட இருக்கிற மர வரிசையை, அந்த நெரையைக் குடுக்கச் சொல்லுங்கண்ணே. ஓடிப்போய் ஓடியாந்துருவோம். ஒரு மரம்கூட வெட்டாம நிக்காது."

கிட்ட நிரையை விட்டுக்கொடுக்க வேண்டியவர்களைத் தான் சமாதானம் செய்வதாக அண்ணனும் சொன்னார். நாங்கள் ஒருவர் முகம் ஒருவர் பாராமல் பேசியதில் துரைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாமனார், மருமகள் என்று கிராணி விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. மீசையைத் தடவிவிட்டு, "நெரை மாத்திக் குடுக்கலாம்னு துரைகிட்ட சொல்லுங்க" என்றார். துரையும் சரியென்றார்.

அப்பாடா! வெளியே வந்து படியில் உட்கார்ந்தவள், அழுது தீர்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

புது நிரைக்குப் போன முதல் நாள், பாதி வேலையில் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். மூச்சு விடாமல் குடித்துவிட்டு அப்படியே மார்பில் தூங்கிப்போனான்.

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் கோபமாகப் பேசியிருக்கிறேன். ஆனால் எதிரே இருப்பவருக்கு என்ன சங்கடம் என்று கேட்காமல் ஒருநாளும் பேச ஆரம்பித்ததில்லை, ஏனென்றால் அன்று அதைக் கேட்டதால்தான் என் பிள்ளை பசியாறினான்.