திருட்டுப் பொம்மை

போன மாதம் என் மகன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். பழைய பொம்மைகளைத் தேடிச் சேர்க்கிறவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறதாம். மீசை நரைத்த ஆண்கள் அதில் வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். படத்தில் இருந்தது ஓர் ஊதா நிற லாரி. கதவுகளைப் பிரித்து, பின்பக்கத்தை இரண்டாக மடக்கி, முன்பக்கத்தைத் தூக்கினால் ரோபோவாக எழுந்து நிற்கும். ஒரு கை மஞ்சள், ஒரு கை பச்சை. நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஆங்கில எழுத்துகள் தப்பும் தவறுமாக இருந்தன. அசல் கம்பெனி செய்ததல்ல. அதைப் பார்த்து யாரோ எங்கோ போட்ட திருட்டு அச்சு. எங்கே போட்டார்கள் என்பதுதான் சண்டையே. தைவான் என்றார் ஒருவர், டெல்லியில் ஏதோ சந்து என்றார் இன்னொருவர்.

இது எங்கிருந்து வந்தது என்று யாருக்குமே தெரியாதாம் என்று மகன் ஆச்சரியப்பட்டான். எனக்கு ஆச்சரியம் வரவில்லை. உடம்பு எரிந்தது. அதே கேள்விக்காகத்தான் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து என் முதுகில் தோசைக்கரண்டி விழுந்தது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை காலையில் அப்பா பென்சில் தேடி என் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தார். பென்சிலோடு அந்த லாரியும் விழுந்தது. அப்பாவைவிட நான்தான் அதிகம் திகைத்தேன். அதற்கு முன் அதை நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவு தானாகக் கழன்று உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் கை நீண்டபோது, எங்கே இருக்கிறோம் என்பதே மறந்து நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

யார் கொடுத்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். தெரியாது என்ற பதிலை ஆபீசில் நாள் முழுக்கச் சொல்லுவார். வீட்டில் அதைக் கேட்கப் பொறுக்காது. குரலை உயர்த்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னை எதிரே நிறுத்தினார்.

"நேத்து பள்ளிக்கூடம் விட்டு எங்கெங்க போனிய? ஒண்ணு விடாம சொல்லு."

பள்ளிக்கூடத்திலிருந்து அம்மா என்னை நேரே கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை வழக்கம்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். கையில் தோசைக்கரண்டி. அது சூடாக இருந்ததா என்று எனக்கு இப்போது நினைவில்லை. முதுகு எரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. அம்மா அதுவரை என்னை அடித்ததே கிடையாது. ஆகவே எப்படி அடிப்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. கண்மண் தெரியாமல் அடித்தாள்.

"கோயில் வாசல் கடையில எடுத்துருக்கா. நேத்து அங்கன நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்," என்றாள் அப்பாவிடம்.

நான் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. அது அம்மாவுக்குத் தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்து, இல்லை என்று சொல்லப் போனேன். அவள் என் முடியைப் பிடித்துக் குனிய வைத்து, "வாயத் தொறந்த, கொன்னுருவேன்," என்றாள். அழக்கூடாது என்கிறாள் என்று நினைத்தேன். அழுகையை விழுங்கிக்கொண்டேன்.

அப்பாவின் முகம் தெளிந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. மகள் திருடி என்று கேள்விப்பட்ட மனிதரின் முகம் அப்படித் தெளியக் கூடாது. சட்டையை மாட்டிக்கொண்டு, பொம்மையை என் கையில் கொடுத்து, கோயில் வாசலுக்கு நடத்திக் கூட்டிப் போனார். எதிரே வந்தவர்கள் எல்லாரும் பொம்மையை அப்பா வாங்கித் தந்ததாக நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வளையலும் பலூனும் பிளாஸ்டிக் சாமானும் விற்கிற கடை அது. கடைக்காரர் பொம்மையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது நம்ம சரக்கு இல்ல," என்றார்.

"பிள்ளைக்காக மறைக்காதிய," என்றார் அப்பா.

கடைக்காரர் இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இந்த மாதிரி ஒன்றைத் தான் கண்ணால் கண்டதில்லை என்றார். அப்பாவுக்கு அவருடைய பெருந்தன்மையில் மனம் நெகிழ்ந்துவிட்டது. என்னைக் கையெடுத்துக் கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன். அதற்கு மேல் மறுப்பதற்குக் கடைக்காரருக்கும் ஏதும் இருக்கவில்லை. மறுநாளே அதை ஒரு கொக்கியில் மாட்டி விற்பனைக்குத் தொங்கவிட்டார். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அது அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் காணாமல் போயிற்று. யாரோ காசு கொடுத்து நேர்மையாக வாங்கிப் போய்விட்டார்கள்.

கடைக்காரர் பேத்தி என் வகுப்பில் படித்தாள். ஆகவே அந்த வருடம் முழுவதும் யாருடைய ரப்பர் தொலைந்தாலும் முதலில் என் பையைத்தான் பார்ப்பார்கள். அம்மா எதுவுமே நடக்காதது மாதிரி தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டாள். நான் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். பெரியவளாகி, வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் அந்தக் குறைவு கூடவே இருந்தது. பெற்ற பிள்ளையைப் பொய் சொல்லித் திருடியாக்கிய ஒருத்தியிடம் என்ன பேசுவது?

மகன் படத்தைக் காட்டியபோது நாங்கள் சங்கரன்கோவில் வீட்டில்தான் இருந்தோம். ராயகிரியிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. நான் பிறந்த புதிதில் தாத்தாவின் கிணற்று வயலில் அம்மாவுக்குப் பங்கு கேட்டு அப்பா அவரோடு மல்லுக்கு நின்றார். கிடைக்கவில்லை என்றதும் மைத்துனன் முகத்தில் யாரும் விழிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மாமா மும்பைக்குப் பிழைக்கப் போனார். அப்பா இறந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தார். ஆகவே அந்தப் பொம்மை விஷயம் அவருக்குத் தெரிய வழியில்லை என்று நினைத்து, நடந்ததை அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது.

"நாந்தான் மக்கா ஒன் பையில போட்டேன்," என்றார். "நீ கோயில் யானையப் பாத்துக்கிட்டு நின்ன. ஒன் பின்னால வந்து போட்டுட்டுப் போனேன். அக்காட்ட கூடச் சொல்லல."

மும்பையில் ரயில் நிலைய வாசலில் சாக்கை விரித்து விற்றுக்கொண்டிருந்தவனிடம் வாங்கினாராம். அவன் எங்கே வாங்கினான் என்று அவருக்கும் தெரியாது. ஊருக்கு வரும்போதெல்லாம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் அக்காவைப் பார்த்துப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவாராம். அப்பாவுக்குத் தெரிந்தால் அம்மாவை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார் என்று இருவருக்குமே தெரியும்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. நான் கத்தினேன். அன்றைக்குப் பயந்தாய், சரி. பிறகு ஒருநாளாவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ திருடவில்லை என்று எனக்குத் தெரியும் என ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்ல?" என்றாள். "ஒன்ட்ட சொன்னா சாயங்காலமே அவருட்ட போயிரும்."

அவள் சொன்னது உண்மை. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் அப்பா என்னை மடியில் உட்கார வைத்துக்கொள்வார். சட்டைப்பையிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுப்பார். அம்மா இன்றைக்கு எங்கே போனாள், யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்பார். வேறு எந்த அப்பாவும் தன் மகளிடம் இவ்வளவு நேரம் பேசுவதில்லை என்று எனக்குப் பெருமையாக இருக்கும். மிட்டாயைக் கடித்துக்கொண்டே, ஒன்று விடாமல் சொல்லுவேன்.