அஜந்தா போடாத கையெழுத்து

மகளின் பிரசவத்துக்காக அஜந்தா நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகருக்குப் போய்ப் பதினோராவது நாள், ஒஸ்லோவிலிருந்து கரோலினா அழைத்தாள். இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்யும் தமிழர்கள்.

"என்னக்கா, வீடு விக்கிறியள், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"எந்த வீடு?"

"உங்கட வீடுதான். விளம்பரம் வந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் வந்து பாக்கலாமாம்."

கரோலினா அனுப்பிய இணைப்பை மகளின் சமையலறையில் நின்றபடி திறந்தாள் அஜந்தா. போருக்கு முன், 1936இல் கட்டிய செங்கல் கட்டடம். உயர்ந்த கூரை, மரத்தளம், கடலுக்கு ஐந்து நிமிட நடை, பால்கனியின் ஓரத்தில் நின்றால் பியோர்ட் என்ற கடல்நீரேரியின் ஒரு கீற்றுத் தெரியும் என்று எழுதியிருந்தார்கள். படங்களில் இருந்தது அவளுடைய வீடுதான். ஆனால் அவளுடைய பொருள் ஒன்றுமில்லை. அடுப்பருகே தூள் போத்தல்கள் இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். சாமித்தட்டு இருந்த சுவரில் பாய்மரப் படகின் படம். தையல் மெஷின் இருந்த ஜன்னலடியில், ஆள் இருந்தால் உடைந்துவிடும் போல் ஒரு வெள்ளைக் கதிரை. படுக்கையில் எவரோ கொண்டுவந்து விரித்த விரிப்பு.

கணவர் ஜெயரத்தினத்துக்கு அழைத்தாள். மூன்றாம் தடவைதான் எடுத்தார்.

"நீர் பிள்ளையைப் பாரும். வந்த பிறகு ஆறுதலாக் கதைப்பம்," என்றார். பிறகு, "வந்தவுடனை ஒரு கையெழுத்துப் போடவேணும். அவ்வளவுதான்," என்றார்.

அஜந்தா கைபேசியை அணைத்துவிட்டு மகளுக்குக் கொடுக்கவேண்டிய பத்தியச் சரக்குக் கறியை இறக்கிவைத்தாள். மகள் கம்சாயினியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரியின் காதில் போடுகிற விஷயமா இது?

அவள் இருபத்து மூன்று வயதில் நோர்வேக்கு வந்தவள். ஜெயரத்தினம் அதற்கு முன்பே வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். வந்த மூன்றாம் வாரமே அவளும் அவர் பக்கத்தில் நின்று மீன் வெட்டத் தொடங்கினாள். ஒஸ்லோவுக்குப் போவோம் என்று அவர் முடிவெடுத்தார், போனார்கள். துறைமுகத்தை ஒட்டிய இந்த வீட்டை 1999இல் இருவரின் சம்பளத்திலும் வாங்கினார்கள். பத்திரத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அவர் விரல் வைத்துக் காட்டிய இடங்களில் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். எதற்கு என்று அன்று கேட்கவில்லை.

அந்த நாளில் கடற்கரை முழுக்கக் கொள்கலன்களும் லொறிப் புகையும்தான். தெரிந்த தமிழர்கள் எல்லாரும் நகரின் புறத்தே மோர்டென்ஸ்ருட்டுக்குப் போனார்கள். லிப்ட்டும் இல்லாத பழங்கட்டடத்தில் ஏன் கிடக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அஜந்தா கிடக்கவில்லை, வாழ்ந்தாள். வேலைக்கு நடந்து போனாள். அந்தக் கட்டடம் குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமானது; வீடு வாங்குகிறவர் அதில் பங்கு வாங்கி உறுப்பினராவார். அதன் நிர்வாகக் குழுவுக்கு அவளை மூன்று தடவை தெரிவு செய்தார்கள். நிலவறைக்குள் தண்ணீர் வந்த வருடம், ஒப்பந்தக்காரனை இரண்டாம் தடவை வரவைத்துத் தரையைக் கிண்டவைத்தவள் அவள்தான். அங்கே அவளை எவரும் ஜெயரத்தினத்தின் மனைவி என்று சொல்வதில்லை.

சனிக்கிழமை ரயிலில் ஏழு மணி நேரம் இருந்து வந்தாள். கதவைத் திறந்ததும் வீட்டில் எலுமிச்சை மணம். ஜெயரத்தினம் அந்த வெள்ளைக் கதிரையில் இராமல், சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ர சாமான் எங்கை?"

"கீழை, நிலவறையிலை. ஒண்டும் உடையேல்லை. படத்துக்கு வீட்டை அலங்கரிக்க வந்தவை பக்குவமாத்தான் கட்டினவை."

இறங்கிப் போய்ப் பார்த்தாள். வாழைப்பழப் பெட்டிக்குள் பிள்ளையார் ஒரு குளியல் துவாயில் சுற்றியபடி கிடந்தார். அதே பெட்டிக்குள் தோசைக்கல்லும் அவளுடைய வீட்டுச் செருப்பும். செருப்பை வெளியே எடுத்து எறிந்தாள். பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினாள்.

"செருப்போடை சாமியை வைச்சிருக்கு. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

"நான் அந்த நேரம் அண்ணை வீட்டை நிண்டனான்," என்றார் அவர். "அண்ணைக்குப் பக்கத்திலை ஒரு வீடு வருது அஜந்தா. படியே இல்லை. என்ர முழங்காலைப் பாரும். பால் வாங்கிக்கொண்டு மேலை வரேக்குள்ளை ரெண்டு இடத்திலை இருந்து எழும்பிறன்."

அது உண்மை. அவருடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவளுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். இரவில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பவள் அவள். அந்த உண்மைதான் அவளை இன்னும் கொதிக்கவைத்தது.

"படி ஏலாதெண்டால் என்னட்டைச் சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் நான் ஓம் எண்டும் சொல்லியிருப்பன். உங்கட அண்ணைக்குத் தெரியும், வீடு வித்துக் குடுக்கிற மெக்ளருக்குத் தெரியும், படம் எடுக்க வந்தவனுக்குத் தெரியும். என்ர கட்டிலிலை ஆரோ விரிப்பு விரிச்சிருக்கு. எனக்குக் கரோலினா சொல்லித்தான் தெரியும்."

"நீர் மாட்டன் எண்டுவீர் எண்டுதான்..."

"அப்ப நான் மாட்டன் எண்டால் செய்யேலாது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."



மறுநாள் நண்பகலில் வீட்டுத் தரகர் ஹென்ரிக் வந்தான். முப்பது வயதிருக்கும். மனைவி மகள் வீட்டிலிருந்து வந்ததும் ஒப்பமிடுவார் என்று ஜெயரத்தினம் சொன்னதை நம்பி விளம்பரத்தைப் போட்டிருந்தான். பூச்சாடியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு தாளை அவள் முன் நீட்டினான். கணவரின் பெயரில் இருந்தாலும் குடும்பம் வாழும் வீடு என்பதால் மனைவியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்றான்.

"நான் ஒப்பமிடாவிட்டால்?"

"விற்க முடியாது," என்றான் ஹென்ரிக். பிறகு ஜெயரத்தினத்தைப் பார்த்தான். "நீங்கள் இருவரும் பேசிவிட்டதாக அல்லவா சொன்னீர்கள்?"

அஜந்தா தாளை இரண்டாக மடித்துத் தன் கைப்பையில் வைத்தாள். கீழே வாசல் மணி அடித்தது. வீடு பார்க்க வந்தவர்கள் படிகளில் ஏறும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் திறந்து வாசலில் நின்றாள். முதலில் வந்தவர்கள் குழந்தையோடு ஒரு இளம் தம்பதி.

"மன்னிக்கவேண்டும்," என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். "இந்த வீடு விற்பனைக்கு இல்லை. விற்பதைப் பற்றி என்னிடம் எவரும் கேட்கவில்லை. நான் இங்கே வசிக்கிறேன்."

இதையே படியில் நின்ற பதினெட்டுப் பேருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னாள். எதிர்வீட்டு நோர்வேஜியப் பெண் கதவைப் பாதி திறந்து கேட்டுக்கொண்டு நின்றாள். ஹென்ரிக் எலுமிச்சம்பழங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைசி ஆளோடு இறங்கிப் போனான்.

அன்று பின்னேரமே ஜெயரத்தினம் ஒரு பையோடு மோர்டென்ஸ்ருட்டில் இருந்த தமையன் வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் முழுக்க அவளுக்குத் தொலைபேசி. ஆம்பிளையைப் படியில் வைத்து மானங்கெடுத்துவிட்டாய் என்றார் அவருடைய தமையன் அருளானந்தன். "உங்கட தம்பியைப் படியிலை ஆரும் காணேல்லை. அவர் அறைக்குள்ளை இருந்தவர்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதன்பின் அந்த எண்ணை அவள் எடுக்கவில்லை.

ஏழு கிழமைக்குப் பிறகு அவர் திரும்பி வந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். மன்னிப்புக் கேட்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தாள். மன்னிப்பைத் தானும் எதிர்பார்க்கவில்லை என்று பிறகு கரோலினாவிடம் சொன்னாள். ஆனால் எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

இலையுதிர் காலத்தில் அதே கட்டடத்தின் தரைமாடியில் ஒரு கிழவர் இறந்து, அந்த வீடு விற்பனைக்கு வந்தது. வெளியார் எவ்வளவு கூட்டிக் கேட்டாலும், அதே விலைக்கு எடுத்துக்கொள்ளச் சங்கத்தின் பழைய உறுப்பினருக்கு முன்னுரிமை உண்டு. குழுவில் இருந்த அஜந்தாவுக்கு அந்த விதி தலைகீழாகத் தெரியும். ஜெயரத்தினத்தைக் கீழே கூட்டிப்போய்க் காட்டினாள்.

"இஞ்சை கடல் தெரியாது. படியும் இல்லை. உங்களுக்கு விருப்பமோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் அறைகளைச் சுற்றி நடந்தார். "அண்ணையிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டு..."

"அண்ணை இஞ்சை இருக்கப்போறேல்லை."

மாலையில் விருப்பம் என்றார். முன்னுரிமையில் அந்த வீடு இருவர் பெயரிலும் வந்தது. மேல்வீட்டை விற்க இன்னொரு தரகரைப் பிடித்தார்கள். அந்த அலுவலகத்தில் கையெழுத்துப் போடுமுன் அவள் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாக வாசித்தாள். விளங்காத சொல்லுக்கெல்லாம் விளக்கம் கேட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. ஜெயரத்தினம் கடிகாரத்தைப் பார்த்தபோது, "அவசரமெண்டால் வெளியிலை இருங்கோ," என்றாள்.

இப்போது அவர் படியில்லாமல் வெளியே போய்வருகிறார். அவர் முழங்காலுக்கு அவள் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். பார்க்க வருகிறவர்கள், எல்லாம் நல்லதாகத்தானே முடிந்தது, இன்னும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள்.

"எனக்கு இன்னும் கோபம் போகேல்லை," என்கிறாள் அஜந்தா, தேத்தண்ணியை அவர்கள் முன் வைத்தபடி. "போகேக்குள்ளை போகட்டும்."