தவசி ஸ்டூடியோவின் ஒற்றை லைட்டு

அருப்புக்கோட்டையில் தவசியின் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்ட அத்தனை பேருக்கும் ஒரே முகம்தான் கிடைத்தது. உரித்த முட்டைக்கு மூக்கும் மீசையும் வரைந்த முகம். 1968இல் அவர் மதுரைக்குப் போய் வாங்கிவந்த ஆயிரம் வாட் லைட்டின் வேலை அது. அண்டா மூடி அகலத்துக்குக் குழிந்த அலுமினியத் தட்டு, நடுவில் பல்பு. நேர் எதிரே நிறுத்திப் போட்டால் கன்னம், தாடை, தழும்பு எல்லாம் ஒரே வெளுப்பு. கரிசக்காட்டு வெயிலில் காய்ந்த சனங்களுக்கு இந்தப் பொய் ரொம்பப் பிடித்திருந்தது.

தவசிக்குத்தான் பிடிக்கவில்லை. லைட்டைப் போட்ட ஐந்து நிமிடத்தில் அறை அடுப்படியாகிவிடும். வந்தவர்கள் அப்பியிருக்கும் பவுடர் வேர்வையில் கரைந்து கழுத்தில் கஞ்சியாக வழியும். அந்த வாடையில் அவருக்கு மத்தியானச் சோறு இறங்காது. ஏதோ கோபத்தில்தான் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறார் என்று அவர் மனைவி பேச்சி இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். பதிலுக்கு அவளும் கோபமாக இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, திருச்சுழிப் பக்கமிருந்து ராக்கம்மாள் தன் அப்பா பொன்னுச்சாமியோடு பஸ்ஸேறி வந்து, மேசையில் மூன்று போட்டோக்களை வைத்தாள். மூன்றும் அவள் படம், தவசி எடுத்தது. மூன்றும் மாப்பிள்ளை வீடுகளுக்குப் போய்த் திரும்பியவை. பெண் பிடிக்கவில்லை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. போட்டோவைக் கவரில் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

"மூணு வீட்டுக்காரவுகளும் வந்தாகண்ணே. போட்டோவப் பாத்தாக, என்னையப் பாத்தாக. அப்பறம் 'பொண்ண வரச் சொல்லுங்க'ன்னாக. நாந்தான் எதுக்க நிக்கேன்."

ராக்கம்மாள் ஒரு போட்டோவைத் தவசி பக்கம் நகர்த்தினாள்.

"இது யாருண்ணே, எங்க அக்காளா? எனக்குத்தான் அக்கா கெடையாதே."

"சும்மா இரு தாயி" என்றார் பொன்னுச்சாமி. "பந்தல்குடியில இருந்து கேக்காக தம்பி. மாப்பிள்ளை லாரிப் பட்டறை வச்சிருக்காரு. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா ராசியில்லாத பிள்ளைன்னு பேரு வச்சுருவாக. அதனால இன்னுங் கொஞ்சம் வெளுப்பா எடுங்க."

தவசிக்குக் கோபம் வந்தது. அந்த மனிதரைப் பார்த்து அல்ல. மூலையில் வாயைப் பிளந்து நின்ற தன் லைட்டைப் பார்த்து. "வியாழக்கிழமை வாங்க அண்ணாச்சி" என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் பின்கட்டில் இருந்த தன் வீட்டு அடுப்படியிலிருந்து கரி பிடித்த பானையைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். பெரிய லைட்டைப் போட்டார். கரி சாம்பலாகத் தெரிந்தது. பானை விஷயத்திலேயே புளுகுகிற லைட்டு பெண் விஷயத்தில் நிஜம் பேசவா போகிறது? அதை அணைத்துவிட்டு இருநூறு வாட் பல்பை வெறுமனே தொங்கவிட்டார். கரி கரியாக இருந்தது. ஆனால் பின்சுவரில் திருடன் ஒளிந்திருப்பதுபோல ஒரு நிழல். பிறகு ஐந்நூறு வாட் பல்பைப் பக்கவாட்டில், பானையின் வாய்க்கு ஒரு முழம் மேலே சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளி, தறிக்காரர் வீட்டில் வாங்கிய மெல்லிய சல்லாத் துணியைக் கட்டினார். வெளிச்சம் இளகி விழுந்தது. மறுபக்கத்து இருட்டுக்குத் தன் வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்தார். வேட்டியில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் பானையின் கழுத்து, வளைவு, அடியில் இருந்த நசுங்கல் எல்லாம் தெரிந்தன. கறுப்பும் குறையவில்லை. இத்தனை வருஷமாக இதிலா சோறு தின்றோம் என்று நின்று பார்த்தார்.

பானையைத் தேடிவந்த பேச்சியும் பார்த்தாள். "கட்டுன பொண்டாட்டிய உக்கார வச்சு ஒரு படம் எடுக்கத் துப்பில்ல. பானைக்குப் படமாக்கும்."

வியாழக்கிழமை ராக்கம்மாளைப் பவுடரைக் கழுவிவிட்டு உட்காரச் சொன்னார். சனிக்கிழமை படத்தைப் பார்த்த பொன்னுச்சாமிக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஒரு பக்கம் பூரா கரியப் பூசி வச்சிருக்கீகளே தம்பி."

"அது கரி இல்ல அண்ணாச்சி. கன்னம்."

ராக்கம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தாள். அப்பா மறுபடி வாயைத் திறப்பதற்குள் அதைப் பந்தல்குடிக்குப் போகும் கவரில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டிவிட்டாள்.

தவசி பெரிய லைட்டின் தட்டைக் கழற்றிக் கொல்லையில் போட்டார். ஆனாலும் சோறு இறங்கவில்லை. கவர் திரும்பி வந்திருக்குமோ என்ற நினைப்புதான்.

இருபதாம் நாள், பந்தல்குடியிலிருந்து சுப்பம்மாள் என்ற அம்மாள் வயதுப்பெண் ஒருத்தியோடு வந்தார். மடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். ராக்கம்மாள்.

"எடுத்தது நீங்கதான? எம் மகனுக்குப் பாக்கப் போனோம். படத்துல உள்ள பிள்ளையே கதவத் தெறந்துச்சு. ஆவணியில கல்யாணம்."

தவசிக்கு அப்போதே பசித்தது. சுப்பம்மாள் கூட வந்த பெண்ணை முன்னால் தள்ளினார்.

"இவ எம் மக. இவளுக்கும் எடம் பாக்கோம். இவள மட்டும் அந்தப் பெரிய லைட்டுல எடுத்துருங்க தம்பி. நல்லா வெளுப்பா."

வந்த பசி போய்விட்டது. தவசி எழுந்து கொல்லைக் கதவைத் திறந்து காட்டினார். பேச்சி அந்த அலுமினியத் தட்டைக் கவிழ்த்து மேலே கல் வைத்திருந்தாள். உள்ளே கீச்கீச்சென்று சத்தம்.

"பெரிய லைட்டுல கோழிக்குஞ்சு அடஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்கு ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "மூஞ்சியக் கழுவிட்டு உக்காரு தாயி."