தறிக்குழிக்குப் பின்னால் ஒரு தாழம்புதர்

எனக்குத் தாழம்பூ வாசம் ஆகாது. கல்யாண வீட்டில் யாராவது அதைச் சடையில் வைத்துத் தைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், எழுந்து வேறு பாய்க்குப் போய்விடுவேன். “பெரிய மகாராணி, பூ வாசம்கூட ஆகாதாக்கும்” என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும். புருஷனைத் தறிக்குழியில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் புதரோடு நான் குடித்தனம் பண்ணின மாதிரி அவர்கள் ஒரு வாரம் பண்ணியிருந்தால் தெரியும் சங்கதி.

உலகச் சண்டை வந்து நூலுக்குத் தட்டுப்பாடு ஆவதற்கு முந்தைய காலம் அது. சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீடு. நான், வீட்டுக்காரர், அவரைப் பெற்ற என் அத்தை, மூன்றே பேர். வீட்டின் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. தரையில் தொடையளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்து நெய்யவேண்டும். மடிமேல் துணி, அதற்கு முன்னால் நீளவாட்டில் கட்டின பாவு நூல். குனிந்து பார்த்தாலும் நெய்கிறவருக்குத் தன் பாதம் தெரியாது. குழிக்குள் பட்டப்பகலிலும் இருட்டுதான். குழியை ஒட்டிப் பின்சுவர். அந்த மண்சுவருக்கு அந்தப் பக்கம் புழக்கடை. புழக்கடையில்தான் தாழை.

அதை நட்டது அத்தை. மாமனார் உயிரோடிருந்தபோது ஆற்றங்கரையிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்து கொடுத்தாராம். எங்கள் வறண்ட மண்ணுக்கு அது ஒல்லிக்குச்சியாக நின்றிருக்க வேண்டியது. ஆனால் நெசவு வீட்டில் பாவுக்குக் கஞ்சி போட்டால் மிச்சக் கஞ்சியும், பானை கழுவின தண்ணீரும் சலதாரை வழியாக நேரே அதன் அடிக்குத்தான் போகும். கஞ்சி குடித்துக் குடித்து அது கொழுத்துவிட்டது. நான் வாழவந்தபோதே ஓட்டுக்கு மேலே தலை காட்டிக்கொண்டிருந்தது. தண்டிலிருந்து கைத்தடி கைத்தடியாக வேர் இறங்கி மண்ணில் ஊன்றி, ஒரு பக்கம் சுவரையே முட்டிக்கொண்டு நின்றது. மடல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரத்திலும் முள், நடு நரம்பிலும் முள். கொடியில் காயப்போட்ட சேலை காற்றில் அந்தப் பக்கம் போனால் கிழிந்துதான் திரும்பும்.

கஞ்சி போட்ட நூலுக்கு எலி வரும். எலி சுவருக்கு அடியில் வளை தோண்டும். எலிக்குப் பின்னால் எது வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஒருநாள் காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். கறுப்பாக ஒன்று சலதாரை ஓரமாகப் போனது. அவசரமே இல்லாமல், சந்தைக்குப் போய்விட்டுத் தன் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி, தாழம்வேருக்குள் நுழைந்தது. நல்லபாம்பு. கையிலிருந்த செம்பு உருண்டு போனதுகூட எனக்குத் தெரியவில்லை. கை தன்னால் வயிற்றைப் பொத்திக்கொண்டது. அப்போது நான் முழுகாமல் இருந்தேன்.

அதுதான் வினையே. முழுகாமல் இருக்கிறவள் வீட்டில் பச்சை மரத்தில் அரிவாள் படக்கூடாது. அதற்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டாவது தடவை, இவர் ஏதோ நினைப்பில் முருங்கைக் கிளை ஒன்றை வெட்டிப்போட்டார். கொஞ்ச நாளிலேயே பிள்ளை செத்துப் பிறந்தது. அத்தை என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் சொன்னது காதுக்கு வந்தது: “அன்னைக்கு அவன் கையக் கட்டிப்போட்டிருக்கணும்.”

பாம்பைப் பார்த்ததை ஓடிவந்து சொன்னேன். “ஏனுங்க, அந்தச் சனியன வெட்டிப்போடுங்க. அது உங்க காலுக்குப் பின்னாலதானுங்க இருக்குது.”

அவர் ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

“பெத்துப் பொழைச்சு எந்திரி அம்மிணி. அப்பறம் வெட்டிக்கலாம்” என்றார் அத்தை.

“இவரு வெட்டவேண்டாம். ஆள் வெச்சு வெட்டலாமில்லீங்க?”

“ஆள் வெட்டுனா என்ன, ஆரு வெட்டுனா என்ன? வெட்டச் சொல்ற வாய் இந்த ஊட்டு வாய்தானே?”

“அப்ப அது இவரக் கடிச்சா?”

“வாயக் கழுவு!” என்று அத்தை போட்ட சத்தத்தில் நான் அடங்கிப்போனேன். அடங்கினது அத்தைக்குப் பயந்து இல்லை. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. வெட்டினால் பிள்ளை, வெட்டாவிட்டால் புருஷன். எதை வேண்டும் என்று கேட்பேன், எந்தச் சாமியிடம் போய்க் கேட்பேன்?

பின்தெருவில் ஒரு நெசவுக்காரர் குழியில் உட்கார்ந்தபடியே கடிபட்டுப் போயிருந்தார். மிதிகட்டையில் ஏதோ முள் குத்திவிட்டது என்று நினைத்து மேற்கொண்டு நெய்துகொண்டே இருந்தாராம். வாயில் நுரை வந்தபிறகுதான் வீட்டில் கண்டார்களாம். அந்தப் பேச்சு என் காதிலேயே நின்றது. முற்றத்தில் உட்கார்ந்து, நாடாவுக்குள் போடுகிற தார்க்குச்சியில் நூல் சுற்றுவேன். கை ராட்டையில், காது தறியில். சடக், சடக் என்று சத்தம் வருகிறவரைக்கும் எனக்கும் மூச்சு வரும். நூல் அறுந்து அதை முடிபோட அவர் கொஞ்சம் நிறுத்தினாலும் போதும், “என்னங்க?” என்று கத்துவேன். “நூலு, புள்ள, நூலு!” என்று உள்ளிருந்து எரிந்து விழுவார்.

சும்மா இருக்கவும் முடியவில்லை. மிச்சக் கஞ்சியைச் சலதாரையில் விடாமல், எதிர்வீட்டு எருமைத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றினேன். கஞ்சி கிடைக்காவிட்டாலாவது தாழை வாடட்டும் என்றுதான். அது வாடுமா? தின்று கொழுத்தது, அசையவே இல்லை. குழிக்குள் தெரிந்த எலி வளையில் ஓட்டுச்சில்லும் பழந்துணியும் போட்டு அடைத்தேன். மறுநாளே எலி துணியைக் கடித்து வெளியே தள்ளியிருந்தது. காலையில் அவர் இறங்குவதற்கு முன் குழியைக் கம்பால் தட்டோ தட்டு என்று தட்டுவேன்.

“ஏ புள்ள, கதவத் தட்டுனா எந்திரிச்சுப் போறதுக்கு அது என்ன உன்ற பொறந்தவனா?” என்று சிரிப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவர் காலைத் தொங்கவிடும்போது ஒரு கணம் தயங்குவதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வெயில் கொளுத்தின ஒரு மத்தியானம், தறிச் சத்தம் நின்றது. “என்னங்க?” என்றேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். எரிந்தும் விழவில்லை. ராட்டையை விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

அவர் தறியில்தான் இருந்தார். ஒரு கை பலகைமேல், ஒரு கையில் நாடா. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. “கிட்ட வராத.” அப்புறம், “காலு மேல.”

அத்தை எனக்குப் பின்னால் வந்து, “என்னடா?” என்று வாயெடுத்தார். திரும்பி அவர் வாயைப் பொத்தினேன். மாமியார் வாயைப் பொத்தின மருமகள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். அவரும் கையைத் தட்டிவிடவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். வீட்டுக்காரர் மூக்கு நுனியில் வியர்வை திரண்டு, நெய்த துணிமேல் சொட்டியது. துடைக்கக் கை வரவில்லை. அந்த நேரம் பார்த்து என் வயிற்றுக்குள் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது. அந்தச் சத்தம் குழிக்குள் கேட்டுவிடுமோ என்று வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். கேட்குமா அது? அப்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

எத்தனை நேரம் என்று தெரியாது. அவர் தோள் இறங்கினது. “போயிருச்சு” என்றார். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இழுத்துப்போட்டோம். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கடி இல்லை. “துணியில வேர்வ பட்டிருச்சு” என்றார் மனிதர். கறை பட்டதுதான் அவருக்கு அப்போது பெரிசாக இருந்தது. எனக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. அடுப்படியில் இருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு புழக்கடைக்கு நடந்தேன்.

“என்ன பண்ற?” என்று அத்தை பின்னாலேயே ஓடிவந்தார்.

“வெட்டப்போறேன்.”

“வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டா?”

“இந்தப் புள்ளைக்கு அப்பன் வேண்டாமா?” என்று கத்திக்கொண்டே ஓங்கினேன். அரிவாள் தண்டில் படாமல் ஒரு மடலில் பட்டது. மடல் பாதி அறுந்து தொங்கியது. அதைப் பார்த்ததும் என் வெறி எங்கே போனதென்று தெரியவில்லை. ஐயோ, என்ன பண்ணிவிட்டேன் என்று அப்படியே நின்றுவிட்டேன்.

அத்தை அரிவாளைப் பிடுங்கினார். “அது வெட்டில்ல. மடலுதான். மரத்துல படல” என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, வேறு யாருக்கோ சொன்ன மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் தள்ளாடிக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். அவர் பக்கம் அத்தை அரிவாளை நீட்டி, “உள்ள போடா! உன்ற கை படக்கூடாது. நட்டது நான். எது வந்தாலும் என்ற தலையில வரட்டும்” என்றார்.

அப்புறம் என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் வயிற்றுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, “உங்கப்பன் வெட்டல, உங்காத்தா வெட்டல. நாந்தான் வெட்டறேன். நல்லாப் பாத்துக்க சாமி” என்றார்.

முதலில் தொரட்டியால் காய்ந்த மடல்களை இழுத்துப்போட்டார். பிறகு ஊன்றியிருந்த வேர்களை ஒவ்வொன்றாகத் தறித்தார். முள் கையைக் கீறிக் கீறி முழங்கை வரைக்கும் ரத்தம் வழிந்தது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு ஆண்கள், “நாங்க வாரோமுங்க” என்றார்கள். “ஆரும் வரவேண்டாம், எட்டி நில்லுங்க” என்று விரட்டினார். பாதி வேர் போனதும் பாம்பு வெளியே வந்தது. அத்தையின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி, சுவரை ஒட்டி, வேலிக்கு அந்தப்புறம் போய்விட்டது. யாரும் அடிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் அடிக்கவும் கூடாது. “போ சாமி, போயிரு” என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். பொழுது சாயும்போது தாழை சாய்ந்தது. எலி வளைக்குக் கண்ணாடிச்சில்லும் சுண்ணாம்பும் போட்டு இவர் பூசினார். தறியில் மறுபடி சத்தம் கேட்டது.

பயம் போய்விட்டது என்றா நினைக்கிறீர்கள்? தறியை விட்டு என் வயிற்றுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அத்தை அன்றிலிருந்து என்னைத் தொடவில்லை. தலை வாரிவிடுகிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காலையில் தூர நின்று, “அசையுதா?” என்று கேட்பார். “அசையுதுங்க” என்றால்தான் அடுப்பைப் பற்றவைப்பார். தாழை லேசில் சாகிற சாதியா? அடியில் விட்டுப்போன கட்டையிலிருந்து பச்சை பச்சையாகக் குருத்து விட்டது. ஒவ்வொன்றின் தலையிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு, ஊற்றினதற்கும் பயந்து என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

ஒருநாள் காலையிலிருந்து அசைவே இல்லை. “அசையுதா?” என்றார். வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கருப்பட்டி கரைத்துக் கொண்டுவந்து தூரமாகத் தரையில் வைத்தார். குடித்தேன். அன்று அடுப்பு எரியவில்லை. தாழை இருந்த இடத்தில் தலையில் கைவைத்து அவர் உட்கார்ந்திருந்தார். நான் நிலைப்படியில். சாயங்காலம் பிள்ளை புரண்டது. “அத்தை!” என்று கத்தினேன். அவர் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள். அத்தை உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். மழையில் நனைந்துகொண்டு புழக்கடையிலேயே நின்றார். பிள்ளை வந்தது. சத்தம் இல்லை. மருத்துவச்சி அதன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது மட்டும் தெரிந்தது.

வெளியிலிருந்து, “அழுதுச்சா?” என்று குரல் வந்தது.

மருத்துவச்சி கையை ஓங்கினாள்.

“அம்மிணி, அழுதுச்சா?”

அறை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அப்புறம் அது அழுதது. என் மகள் அல்லவா, எங்களையெல்லாம் வைகிற மாதிரி அழுதது. கேட்டதும் அத்தை சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகும் பிள்ளையைத் தூக்கவில்லை. கதவோரம் நின்று எட்டிப் பார்ப்பார், போய்விடுவார். ஒருநாள் பிடித்துக்கொண்டேன். “கைய நீட்டுங்க.”

“வேண்டாம் அம்மிணி. வெட்டுன கை.” இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். “வெட்டாத கையா இருந்தா இவளுக்கு அப்பன் இருந்திருப்பானா? புடிங்க, எனக்குத் தோளு வலிக்குது!” என்று பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டேன்.

கை தானாக வெளியே வந்தது. கீறல் எல்லாம் ஆறி, வரி வரியாகக் கறுத்திருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதன் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.