பின்வளவுக்குக் கல் தேடிய நாட்களில் எங்கள் அண்ணா

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. அவருடைய பொறுமையைப் பற்றியும் சாந்தமான குணத்தைப் பற்றியும் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவை அனைத்தும் உண்மை. அவருடைய ஒரே தங்கையாகிய நான், அவர் பொறுமை இழந்திருந்த சில வாரங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். அண்ணா எப்படிப்பட்ட மனிதர் என்பதை நான் நேரிற் கண்டது அந்த வாரங்களில்தான். அண்ணாவின் மனைவியான மச்சாளின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

அண்ணா அளவெட்டியில் பிறந்தார். எங்கள் தகப்பனார் இளவயதிலேயே காலமானதால், படித்துக்கொண்டே குடும்பத்தையும் தாங்க வேண்டியவரானார். கொழும்பில் ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞராக நல்ல பெயர் எடுத்தார். எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் அவரும் மச்சாளும் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. அகதி முகாமில் இருந்து கப்பலில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர்கள், ஒரு நண்பரின் உதவியால் ஓக்லாந்துக்குப் புறப்பட்டார்கள். பின்னர் என்னையும் அண்ணாவே அழைப்பித்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். இங்கே கட்டடப் படம் வரையும் வேலை கிடைக்கவில்லை. பென்ரோஸில் ஒரு பெரிய கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலையை எடுத்தார். அதைத் தாழ்வாக அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மனுரேவாவில் மோர்ட்கேஜ் கடனுக்கு ஒரு சிறிய வீடு வாங்கினார்.

அந்த வீட்டின் பின்வளவு முழுவதும் களிமண். மழை பெய்தால் துணி காயப்போடும் கம்பி வரை போய்வருவதற்குள் செருப்பு மண்ணோடு போய்விடும். அண்ணாவின் மகளுக்கு அப்போது மூன்று வயது. குளிர்காலம் தொடங்குமுன் பின்கதவுக்கு வெளியே கல் பதித்து ஒரு பேட்டியோ, சிறு முற்றம்போல, கட்டிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டு நாயுடு, ஃபிஜியிலிருந்து வந்தவர், கொங்கிரீட் வேலை செய்பவர். கல்லை நாங்கள் வாங்கிக் கொடுத்தால் தான் பதித்துத் தருவதாகச் சொன்னார்.

பழைய வீடுகளை உடைத்த சாமான்கள் விற்கும் யார்ட் ஒன்றில் மச்சாள் செங்கல் அடுக்கைக் கண்டார். மழையிலும் வெயிலிலும் ஊறிக் கருஞ்சிவப்பாகிப் போன செங்கற்கள். மச்சாளுக்கு அவற்றை மிகவும் பிடித்துவிட்டது. அண்ணா வெள்ளைக் கொங்கிரீட் கல்தான் வேண்டும் என்றார். வெள்ளைக் கல்லில் களிமண் கறை ஏறும், பாசி பிடித்தால் அசிங்கமாகத் தெரியும் என்று மச்சாள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணா காரணம் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் முறை யார்டுக்குப் போனபோது, மச்சாள் ஒரு செங்கல்லைக் கையில் எடுத்துக் காட்ட, "செங்கல் வேண்டாம் எண்டா வேண்டாம்" என்று உரத்துக் கத்தினார். அங்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அப்படிச் சத்தம் போட்டதை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்குக் காரை ஓட்டிவந்தவர் மச்சாள். சில மாதங்களாகவே அண்ணா பொழுது சாய்ந்தபின் கார் ஓட்டுவதை விட்டிருந்தார். களைப்பு என்பார். வேலைக்கு ரயிலில் போய்வந்தார். மகளின் மூன்று சில்லு சைக்கிளில் தடுக்கி விழப் பார்ப்பார், பிறகு அதை நடுவழியில் விட்டதற்காகக் குழந்தையை ஏசுவார். ஒரு பிறந்தநாள் விருந்தில் அவர் தடுமாறியதைக் கண்டு யாரோ மச்சாளின் காதில் எதையோ போட்டிருந்தார்கள். மறுநாள் சமையலறையில் மச்சாள் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "உம்மட அண்ணா குடிக்கிறாரோ?" என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் விளங்காத ஏதோ ஒன்று அந்த வீட்டில் இருந்தது.

மச்சாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அண்ணா வேலைக்குப் போனபின் செங்கற்களை இறக்குவித்தார். நாயுடு அன்றைக்கே பின்கதவுக்கு வெளியே முழங்கால் அளவு களிமண்ணை வெட்டி எடுத்துவிட்டு, செங்கற்களை அந்தக் குழியின் ஓரமாக அடுக்கிவைத்துப் போனார். அண்ணா வந்து கண்டுவிட்டு நேரே உள்ளே போனார். இரண்டு நாட்கள் இருவருக்கும் இடையில் கதையில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நானும் மச்சாளும் முன்னறையில் இருந்தோம். கம்பியில் துணி கிடப்பது நினைவுக்கு வந்து, அண்ணா மகளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு பின்கதவால் இறங்கினார். செங்கற்கள் சரிந்த சத்தமும் குழந்தை வீரிட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன. ஓடிப் போனோம். அண்ணா குழிக்குள் மல்லாந்து கிடந்தார். விழும்போது உடம்பைத் திருப்பியிருக்கிறார். குழந்தை அவர் நெஞ்சின் மேல் இருந்தது, ஒரு கீறலும் இல்லை. அவருடைய முழங்கை பிளந்து இரத்தம் ஓடியது.

மச்சாள் குழந்தையைத் தூக்குவதற்குமுன் குனிந்து அவருடைய வாயை மணந்து பார்த்தார்.

அண்ணாவுக்கு அது விளங்கிவிட்டது. படுத்தபடியே சொன்னார்: "குடிக்கேல்லையப்பா. எனக்குக் கண் தெரியேல்லை."

முழங்கைக்குக் கட்டுப் போட்டபின் சமையலறை மேசையில் இருந்து அனைத்தையும் சொன்னார். வீடு வாங்கிய காலத்திலேயே கண் வைத்தியரிடம் போயிருக்கிறார். மங்கிய வெளிச்சத்தில் தெரியாது, ஓரப் பார்வை சிறிது சிறிதாக மூடிக்கொண்டு வரும், நடுவில் மட்டும் ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் மிஞ்சும், மருந்தில்லை என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். வாகனம் ஓட்டுவதை ஒருநாள் நிறுத்த வேண்டிவரும் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நாள் இன்னும் வரவில்லை என்று அண்ணா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நேராகப் பார்த்துப் பத்திரிகை வாசிக்க முடிந்ததால் எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செங்கல்லும் களிமண்ணும் பின்னேரத்தில் அவருக்கு ஒரே இருட்டு. வெள்ளைக் கல் என்றால் தெரியும் என்று நினைத்திருக்கிறார்.

மச்சாள் அழவில்லை. "அப்ப வேலையில?" என்று மட்டும் கேட்டார்.

கிடங்கின் வழிகள் எல்லாம் மனப்பாடம், மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், ஹோர்ன் அடித்துக்கொண்டே போகிறேன் என்றார் அண்ணா. பிறகு தாமாகவே, போன கிழமை ஒருவர் பக்கத்திலிருந்து குறுக்கே வந்ததையும், அந்த மனிதர் வண்டியைக் கையால் ஓங்கித் தட்டும்வரை தனக்கு அவரைத் தெரியாமல் போனதையும் சொன்னார்.

"அந்த மனுசனுக்கும் வீட்டில பிள்ளையள் இருக்கும்" என்றார் மச்சாள்.

"எனக்கும் இருக்கு. இந்த வீடு போயிடும், தெரியுமோ?"

"போனாப் போகட்டும். எரிஞ்ச வீட்டையே விட்டிட்டு வந்தனாங்கள்."

ஈஸ்டர் முடிய வேலையிடத்தில் சொல்லுகிறேன் என்று அண்ணா தவணை கேட்டார். மச்சாள் எழுந்து நின்றார். "நாளைக்கு நீங்கள் அந்த மிசினில ஏறினா, நானே உள்ளுக்கு வந்து சொல்லுவன்."

மறுநாள் மச்சாள்தான் அண்ணாவைப் பென்ரோஸுக்குக் காரில் கொண்டுபோனார். நான் குழந்தையோடு பின் இருக்கையில் இருந்தேன். கிடங்கின் பெரிய வாசலுக்கு எதிரே காரை நிறுத்தினோம். அண்ணா இறங்கி, கதவைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். பின்பு உள்ளே போனார். வாசலில் ஃபோர்க்லிஃப்டுகள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏறியிருப்பவரின் முகத்தை மச்சாள் உற்று உற்றுப் பார்த்தார். கைகள் ஸ்டியரிங்கை விடவேயில்லை. அவற்றில் ஒன்றில் அண்ணா இருந்துவிடக்கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணா வேலைச் சப்பாத்தையும் சாப்பாட்டுப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். காருக்குள் ஏறி, "சொல்லிப்போட்டன்" என்றார். மனேஜர் சாவியை வாங்கிக்கொண்டு, முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டு, பிறகு எழுந்து கைகொடுத்தாராம். கண் தெரியாதவருக்குத் தன்னிடம் வேறு வேலை இல்லை என்றும் சொன்னாராம். மச்சாள் காரை எடுக்காமல் அண்ணாவின் கட்டுப்போட்ட கையின் மேல் தன் கையை வைத்தார். அப்போதுதான் அழுதார்.

அந்தக் கிழமையே மச்சாள் அண்ணாவைக் கல் விற்கும் யார்டுக்குக் கூட்டிப்போனார். வெளிச்சம் குறையும்வரை வேண்டுமென்றே காத்திருந்தோம். மச்சாளும் நாயுடுவும் ஒவ்வொரு விதமான கல்லாக நிலத்தில் பரப்ப, அண்ணா தள்ளி நின்று தெரிகிறதா இல்லையா என்று சொன்னார். வெள்ளைக் கல் பின்னேரத்தில் தெரிந்தது. ஆனால் அன்று வெளிச்சம் குறையுமுன் பார்த்தபோது வெயில் பட்டு அவருடைய கண்ணைக் கூசச் செய்திருந்தது. கடைசியில் மணல் நிறத்தில் சொரசொரப்பான ஒரு கொங்கிரீட் கல்லை எடுத்தோம். அது ஈரத்திலும் வழுக்காது. எங்கே முடிகிறது என்று தெரிய ஓரத்தில் கருமையாக ஒரு வரி வேண்டும் என்றார் அண்ணா. "உம்மட செங்கல்லை அதுக்குப் போடுவம்" என்று மச்சாளைப் பார்த்துச் சொன்னார். யார்டில் சண்டை பிடித்தபின் அவர்கள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அதற்குப் பின் வந்த மாதங்கள் கடினமானவை. மச்சாள் தையல் தொழிற்சாலையில் இரட்டை வேலை செய்தார். நானும் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போனேன். அண்ணா வீட்டில் சமைத்தார், மகளைப் பார்த்துக்கொண்டார், வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். எல்லா இடத்திலும் கண்ணைப் பற்றி முதலிலேயே சொன்னார். அதனாலேயே பல இடங்களில் கதவு சாத்தப்பட்டது. ஒருவழியாக எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். வீட்டையும் நாங்கள் இழக்கவில்லை.

பார்வை முற்றாகப் போனபின்னும் அண்ணா முகம் சுழித்ததில்லை. மகள் பட்டம் பெற்றதைக் கைதட்டல் ஓசையில் கேட்டறிந்தார். பேரப்பிள்ளைகளின் முகங்களை விரல்களால் தெரிந்துகொண்டார். சென்ற ஆண்டு இருதயம் பலவீனமாகி, சில நாட்களே மருத்துவமனையில் இருந்து, மச்சாளின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் பிரிந்தார்.

அவருடைய பார்வையின்மையால் உலகில் வேறு ஒருவருக்கும் ஒரு காயமும் ஏற்படவில்லை. அதை எங்கள் குடும்பத்தின் பெருமையாகவே நான் எண்ணுகிறேன்.

இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்தவர்களுக்கும், உணவு சமைத்து வந்தவர்களுக்கும், தொலைவிலிருந்து ஆறுதல் சொன்ன உறவினருக்கும், நாயுடு குடும்பத்தாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. கோயிலிலும் கடையிலும் ரயில் மேடையிலும், அண்ணாவின் கையைப் பிடிக்குமுன் தங்கள் பெயரைச் சொன்ன ஒவ்வொருவருக்கும் நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அன்புத் தங்கை