தாளால் மூடிய நிழல்

யுத்தகாலம். அரியலூர்ப் பள்ளியொன்றில் தாவர சாஸ்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். பூ விஷயத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு வேறு.

குன்னத்திலிருந்து ஒரு பெண் வந்து போட்டோவை நீட்டினாள். பட்டாளத்திலிருந்த அவள் கணவன் பாலைவனத்தில் தானே எடுத்து அனுப்பியது. மணலில் பூத்த ஒரு செடி.

"உங்ககிட்ட பூதக்கண்ணாடி இருக்குன்னாங்க. நல்லா பாத்துச் சொல்லுங்க சார்."

"அடுத்த சந்தைக்கு வாம்மா, பேரோட சொல்லிடுறேன்" என்றேன் வீராப்பாக.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்துக்கு எங்கே போவது? சோறு இறங்கவில்லை. கீழ்ப்பாதியில் விழுந்திருந்த நிழல் இடைஞ்சலாக இருந்ததால் அதன்மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டு, பூதக்கண்ணாடியும் கையுமாக வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். பூ வாய் திறக்கவில்லை.

சந்தையன்று வந்தவளிடம், "பேரு தெரியலம்மா" என்றேன்.

அவள் தாளையே பார்த்தாள். "ஏன் சார் அவர மூடிட்டீங்க? பூவு யாருக்கு வேணும்? அவருக்கு அடிபட்டுடுச்சுன்னு சேதி வந்துச்சு. அப்புறம் வந்த போட்டோ இது. இது படம் எடுக்கறப்ப விழுந்த அவரு நிழல்தானே, இதுல கை ரெண்டும் இருக்கான்னு பாருங்க சார்."

தாளைப் பிய்த்தேன். கண்ணாடிக்குள், காமிராவைத் தூக்கிப் பிடித்த நிழலின் இருபுறமும் முழங்கைகள் தெரிந்தன.

"ரெண்டும் இருக்கும்மா!"

அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பூவின் பெயர் இன்றுவரை தெரியாது. அவள் தேடி வந்தது என் பூதக்கண்ணாடியை. கூடவே நானும் இருந்துவிட்டேன்.